சீக்வென்சரா, சிந்தசைசரா?

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய வீடொன்றில் இசைக்கூடம் அமைப்பதென்றால் முதலில் ஆசையைக் குறைத்துக்கொள்ள வேண்டியது மைக்கின் மீதுதான். சரக்கு இறக்கும் ஓசையும் வண்டிகளின் ஹாரனும் சுவர் கடந்து வரும் இடத்தில் குரலையோ வயலினையோ பதிவது எளிதன்று. கம்பிவழி நேராகப் பதிவாகும் மின்னிசைக் கருவிகளே துணை. கையிலுள்ள பணத்துக்கு ஒன்றுதான் கிடைக்கும் எனில் எதை வாங்குவது என்று இளைஞர்கள் வினவுகின்றனர். சிந்தசைசரையே என்பது நம் துணிபு.

சிந்தசைசருக்குக் குரல் உண்டு. தனி சீக்வென்சருக்கு அது இல்லை; எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு நேரம் என்னும் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு பிற கருவிகளுக்கு ஆணையிடும். 1977இல் ரோலண்ட் வெளியிட்ட எம்.சி.8 கருவியில் சுரங்களை எண்களாகவே தட்டிச் செலுத்தலாம். செய்யுளை அசை பிரித்து அலகிடும் வேலையேதான், தமிழாசிரியர்களுக்குப் பிடித்துப்போயிருக்கும். 1983இல் மிடி என்னும் பொதுமொழி வந்தபின் ஒரே கம்பியில் 16 தடங்களுக்கு ஆணை அனுப்ப முடிந்தது.

ஆனால் அலகிட்டுவிட்டால் வெண்பாவைப் பாடியதாகிவிடுமா? நம் இசையில் சுரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. தோடியின் காந்தாரத்தைக் கட்டத்தில் அடைத்தால் ராகம் போய்விடும். சிந்தசைசரில் இடக்கை பிட்ச் வீலைத் தொட்டிருக்க, வலக்கை வாசிக்கும்போது அந்த அசைவு ஓரளவேனும் கிட்டுகிறது. வாசித்ததை அசைவோடு பதிந்துகொள்ளும் சீக்வென்சர்கள் உண்டே என்பர். உண்டு; வாசிப்பதற்கு ஒரு கீபோர்டு வேண்டுமே!

மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். 2010இல் மறுவெளியீடு கண்ட பிறகே உலகம் அதை வியந்தது. டி.ஆர்.808 தாளம் தட்ட, டி.பி.303 அடித்தளச் சுரங்களைச் சுழற்றிக்கொண்டிருக்க, ராகத்தை ஜூபிடர் 8 சிந்தசைசரில் வாசித்தார். எந்திரத்திடம் எதை விடலாம், எதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதாக நமக்குத் தோன்றவில்லை.

சீக்வென்சரின் அழகை நாம் மறுக்கவில்லை. 'புன்னகை மன்னன்' (1986) படத்தில் இளையராஜா கணினியைக் கொண்டு அமைத்த இசையின் துல்லியம் இன்றும் ஈர்க்கிறது. வீட்டிலேயே இசைக்கூடம் என்றதும் பலரும் ஏ.ஆர். ரகுமானையும் 'ரோஜா'வையும் (1992) சுட்டுவர். அதற்கு முன் அவர் பல ஆண்டுகள் பிற இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்தவர் என்பதையும் சேர்த்துச் சுட்ட வேண்டும்.

இன்னொன்று, சீக்வென்சரின் பணியை இன்று கைபேசியிலுள்ள இலவசச் செயலியே பெரும்பாலும் செய்துவிடுகிறது. தனிக்கருவி தரும் குமிழ்களின் தொடுசுகம் அதில் இல்லை. அதற்காகப் பின்னர் வாங்கிக்கொள்ளலாம். முதற்கருவியில் பிட்ச் வீல், அழுத்தத்துக்கேற்ப ஒலிக்கும் கட்டைகள், மிடி இணைப்பு ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்தல் நலம். பழைய டி.எக்ஸ்.7 போன்றவற்றை வாங்குவோர் உள்ளிருக்கும் நினைவக பேட்டரியையும் சோதித்துக்கொள்க. அது தீர்ந்திருந்தால் சேமித்த ஒலிகள் அழிந்துபோயிருக்கும்.