பழைய மடிக்கணினியும் அவசரத் தீர்ப்பும்

பழைய சிறுகதைகளைத் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்க்கும் எங்கள் நண்பர் ஒருவர், 2010இல் வாங்கிய மடிக்கணினியையே இன்றும் பயன்படுத்துகிறார். சில மாதங்களாக அதில் கம்பியில்லா இணைப்பு அடிக்கடி அறுந்துகொண்டிருந்தது. திருத்திய பக்கங்களை அனுப்பும் வேளையில்தான் பெரும்பாலும் போகும். முறையிட்டபோது, கருவியின் வயதைக் கேட்டுவிட்டு, புதிது வாங்கிவிடுங்கள் என்று நாங்கள் அனைவரும் ஒரே குரலில் சொன்னோம். இப்போது புதிது வாங்கும் நிலையில் இல்லை, ஆகவே இப்பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று அவர் மடல் எழுதிய பிறகே எங்களுக்கு உறைத்தது. நாங்கள் யாரும் அந்தக் கணினியைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. நூலைப் படிக்காமல் மதிப்புரை எழுதுபவர்களை நாம் எவ்வளவு ஏசியிருக்கிறோம்! நாங்கள் செய்ததும் அதுவே.

இணைப்பு என்பது ஒற்றைப் பொருளன்று. கணினிக்குள் இருக்கும் வை-ஃபை அட்டை, அதை இயக்கும் டிரைவர், இடையிலுள்ள காற்றுவெளி, ரூட்டர், சேவை நிறுவனத்தின் கம்பி எனப் பல கண்ணிகள் கொண்ட சங்கிலி அது. எந்தக் கண்ணி விடுகிறது என்றறியப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. இணைப்பு அறும் நேரத்தில், அதே வை-ஃபையில் உள்ள கைபேசியிலும் இணையம் நிற்கிறதா என்று பார்க்கலாம். நின்றால் மடிக்கணினியின் மேல் பழி போடுவதற்கில்லை. நிற்காவிட்டால், ரூட்டரிலிருந்து ஒரு கம்பியை நேரே கணினியில் செருகிப் பார்க்கலாம்.

நண்பர் வீட்டில் கைபேசி ஒழுங்காக இயங்கியது. கம்பி வழியே மடிக்கணினியும் ஒழுங்காக இயங்கியது. எனவே குறை கம்பியில்லாப் பகுதியில்தான். முதலில் அகப்பட்டது, மின்சாரத்தை மிச்சப்படுத்த வை-ஃபை அட்டையை அவ்வப்போது அணைக்க விண்டோஸுக்கு அனுமதி தரும் குறி. அதை நீக்கியதும் பாதித் தொல்லை தீர்ந்தது. மீதி காற்றுவெளியில் இருந்தது. அவருடைய அட்டைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். கைபேசியோ 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தது. அதனால்தான் அதற்கு இடைஞ்சல் இல்லை. மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத், அண்டை வீட்டு ரூட்டர்கள் எல்லாம் முட்டி மோதும் இடம் அந்த 2.4. அதிலுள்ள சானல்களில் 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. நண்பரின் ரூட்டர் 4இல் இருந்தது. நெரிசல் குறைந்த 11க்கு மாற்றினோம். அறுபடுவது நின்றது. செலவு ஏதுமில்லை.

வேறு வீடுகளில் வேறு காரணம் இருக்கலாம். மடிக்கணினியின் ஆன்டெனா கம்பிகள் பெரும்பாலும் கீல் வழியாகத் திரைக்குப் பின்னே செல்பவை. மூடியை அசைக்கும்போது சமிக்ஞை ஏறி இறங்கினால் அங்கே ஐயப்பட வேண்டும். அட்டையே செத்திருந்தாலும், யுஎஸ்பியில் செருகும் சிறிய வை-ஃபை கருவி போதும். கணினியைக் கைவிட வேண்டியதில்லை.

பழையது எல்லாம் பத்திரமானது என்று நாங்கள் வாதிடவில்லை. 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறையைப் பல பழைய அட்டைகள் அறியா. அதற்காகக் கடவுச்சொல்லை எடுத்துவிடுவதோ, என்றோ உடைபட்டுப்போன வெப் முறைக்குத் திரும்புவதோ தவறு. ரூட்டரில் டபிள்யூபிஏ2வையும் சேர்த்து அனுமதித்தால் போதும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நண்பரின் கணினியில் லினக்ஸை நிறுவித் தருவது எங்கள் அடுத்த கடன். மின்சிக்கன அமைப்பு அங்கும் உண்டு. அதையும் பார்த்தே தருவோம்.

ஒரு கருவி உண்மையிலேயே முடிந்துபோனால் விடை கொடுக்கலாம். ஆனால் அந்த முடிவு சோதனைக்குப் பின் வர வேண்டும். 'புதிது வாங்குங்கள்' என்று சொல்வது எளிது. வாங்க இயலாதவர் அதைக் கேட்டு ஒதுங்கிக்கொள்கிறார், நாம் அதைக் கவனிப்பதுகூட இல்லை. ஒரு மாலைப் பொழுதைச் செலவிடச் சோம்பியதால், எங்கள் மெய்ப்பாளர்களில் மிகக் கூர்மையான கண்ணுடையவரை நாங்கள் இழந்திருப்போம். அவருடைய திருத்தங்கள் இப்போது மீண்டும் வரத் தொடங்கியிருக்கின்றன. நேற்று வந்தவற்றில், நாங்கள் மூவர் பார்த்தும் தப்பிய ஒற்றுப்பிழைகள் ஏழு.