வீடு முழுக்க பீச் கலர், யாரைக் கேட்டு?

பெங்களூரில் வாடகை வீடு தேடிய எந்தத் தமிழ்க் குடும்பமும் இந்தக் கலரைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஹால் பீச், பெட்ரூம் பீச், சமையலறை பீச், சாமி அலமாரிக்குப் பின்னாலும் பீச். பாத்ரூமில் டைல்ஸ் முடிந்து சீலிங் வரைக்கும் மிச்சமிருக்கும் அந்த இரண்டடிச் சுவரைக்கூட விடுவதில்லை. மடிவாளாவிலும் இதேதான், ஒயிட்ஃபீல்டிலும் இதேதான். எனக்கு இது நாலாவது வீடு. ஒவ்வொரு தடவையும் சாமான்தான் லாரியில் வருகிறது, சுவர் எனக்கு முன்னாலேயே வந்து காத்திருக்கிறது.

2024-ம் வருஷத்தின் நிறம் 'பீச் ஃபஸ்' என்று பான்டோன் நிறுவனம் அறிவித்தபோது ஆபீசில் ஆளாளுக்கு ஆஹா என்றார்கள். எங்கள் ஓனர்களுக்கு அது ரொம்பப் பழைய செய்தி!

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தக் கலர் மேல் கோபம் கிடையாது. கிழக்கு பார்த்த ஹாலில் காலை வெயில் விழும்போது அழகாகத்தான் இருக்கிறது. வீடு முழுக்க அதையே அடிப்பதில்தான் என் சண்டை. ஷேடு கார்டில் தபால்தலை அளவுக்கு இருக்கும்போது மென்மையாகத் தெரிவது, பத்துக்குப் பத்து ரூமில் நாலு சுவரிலும் ஏறினால் ஒரு சுவரின் சாயல் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி இரண்டு மடங்கு அழுத்தமாகிவிடுகிறது. வடக்கு பார்த்த பெட்ரூமில், பக்கத்துக் கட்டடம் வெளிச்சத்தை மறைத்தால், அழுக்குச் சந்தனம். மஞ்சள் எல்இடி போட்டால் ஆரஞ்சு, 6500 கெல்வின் வெள்ளை பல்பு போட்டால் சாம்பல் பூசிய ரோஸ். ஒரே டின்தான், அறைக்கு ஒரு கலர். அதுவும் நாம் தேர்ந்தெடுக்காத கலர்.

சமையலறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தினம் தாளிக்கிற வீடு நம்முடையது. மஞ்சள்தூளும் எண்ணெய்ப் புகையும் அந்தச் சுவரில் படிந்து, எது கறை எது கலர் என்றே தெரியாமல் போகிறது. அதிலும் மலிவான டிஸ்டெம்பர் என்றால் ஈரத்துணியால் துடைத்தவுடன் கறைக்கு முன்னால் பெயிண்ட் வந்துவிடும்.

"ஒரே கலர் என்றால் டச்-அப் பண்ணுவது சுலபம் சார்" என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இரண்டு வருஷம் வெயிலும் தூசியும் பார்த்த சுவரில் அதே நம்பர் பெயிண்டை வாங்கித் தடவிப் பாருங்கள், ஒட்டுப்போட்ட சட்டை மாதிரித் தனியாகத் தெரியும். கடைசியில் முழுச் சுவரையும்தான் அடிக்க வேண்டும்.

அந்தச் செலவு யாருடையது? அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. காலி பண்ணும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங்குக்கு என்று டெபாசிட்டில் கழித்துக்கொள்வது இந்த ஊர் வழக்கம். ஆணி அடிக்காமல், குழந்தையைச் சுவர்ப்பக்கம் விடாமல் காவல் காத்தாலும் கழிப்பார்கள். மூன்று வீட்டில் மூன்று மாத வாடகை கொடுத்தாயிற்று. பணம் என்னுது, கலர் மட்டும் அவருதா?

2021-ல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தின் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் ஓனர் பொறுப்பு என்றே போட்டிருக்கிறது. குடியிருக்கும் வீட்டுக்கு டெபாசிட் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் இருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர்கள் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். மாதிரி என்பதால் மாநிலங்கள் தனியாகச் சட்டம் போட்டால்தான் செல்லும். ரிப்பேர், பெயிண்டிங் விஷயத்தில் எழுத்தில் வேறு ஒப்பந்தம் இருந்தால் அதுதான் செல்லும் என்று ஒரு சந்தும் வைத்திருக்கிறார்கள். நாம் படிக்காமல் கையெழுத்துப் போடும் பதினோரு மாத அக்ரிமென்ட் அந்தச் சந்து வழியாகத்தான் உள்ளே வருகிறது.

ஊரில் பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து நாமே அடிப்போம். சிமென்ட் கலர் வீடுதான், ஆனாலும் மட்டையைப் பிடித்த கை நம்முடையது. இங்கே பிறந்த என் பையனுக்கு வீடு வரையச் சொன்னால் ஆரஞ்சு கிரேயானை எடுக்கிறான்.

சொந்த ஃப்ளாட் வாங்கியவர்கள் மேல் இன்னும் கோபம். இருபது வருஷம் ஈஎம்ஐ கட்டப்போகிற வீட்டில், "விற்கும்போது எல்லாருக்கும் பிடிக்கும்" என்று பீச் அடிக்கிறார்கள். என்றைக்கோ வரப்போகிற, முகம் தெரியாத ஒருவருக்காக!

இந்தத் தடவை அக்ரிமென்ட் புதுப்பிக்கும் முன் ஓனருக்கு மெயில் போட்டிருக்கிறேன். சமையலறைக்குக் கழுவக்கூடிய வெள்ளை எமல்ஷன், பையன் ரூமில் ஒரு சுவர் மட்டும் நீலம். செலவு என்னுடையது, காலி பண்ணும்போது பெயிண்டிங் என்று கழிக்கக் கூடாது, இது அக்ரிமென்ட்டில் ஒரு வரியாக வரவேண்டும். தங்கமணி மஞ்சளும் கேட்டாள், அது அடுத்த வருஷம். மனுஷர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.