சன்னலை இறுக்கிச் சாத்தச் சொல்லாதீர்கள்



இந்த முறை இனிப்பு நீரைப் பற்றியோ ரத்தக் கொதிப்பைப் பற்றியோ எழுதப் போவதில்லை. குளிரைப் பற்றி எழுதப் போகிறேன். "நம்ம நாட்டுல ஏதுய்யா குளிரு?" என்று கேட்பீர்கள். நியாயந்தான். ஆனால் நம் பிள்ளைகளில் சிலர் இன்று இங்கே இல்லையே! பால்மரமும் வேண்டாம், செம்பனையும் வேண்டாம் என்று விமானம் ஏறி ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போயிருக்கிறார்கள். விக்டோரியா மாநிலத்தில் மில்டூரா, ராபின்வேல், ஷெப்பர்ட்டன் வட்டாரங்களில் மலேசியர்கள் பல ஆண்டுகளாகவே வேலை செய்து வருகிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்டு வரை அங்கே குளிர்காலம். திராட்சைக் கொடி வெட்டுவதும் ஆரஞ்சு பறிப்பதும் அந்த மாதங்களில்தான். ராத்திரியில் 4, 5 டிகிரிக்கு இறங்கிவிடும். கேமரன் மலையில் 15 டிகிரிக்கே நாம் கம்பளி தேடுகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்குவதற்கு அவர்களில் சிலருக்குக் கிடைப்பது கேரவன். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற பெட்டி வீடு. உள்ளே இரண்டு பலகைக் கட்டில், ஒரு சின்ன அடுப்பு, ஒரே ஒரு வாசல். நம்முடைய லயத்துக் குசினியை விடச் சின்னது. அதற்குள் குளிர் காய ஒரு ஹீட்டர்.

பிள்ளை போனில் பேசும்போது நாம் என்ன சொல்கிறோம்? "குளிருதாப்பா? சன்னலு, ஓட்டை எல்லாத்தையும் நல்லா இறுக்கிச் சாத்திக்கிட்டுப் படு" என்கிறோம். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தை பிள்ளையின் உயிருக்கே உலை வைத்துவிடும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நாம் நெருப்போடு பழகியவர்கள். பழைய பலகை லயத்தில் விறகடுப்பு எரிந்தது. பிள்ளை பெற்றவளுக்குத் தணல் சட்டி வைத்தார்கள், சாம்பிராணி போட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஏன் ஆகவில்லை? பலகைக்குப் பலகை இடுக்கு. சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே ஒரு சாண் சந்து. மழை உள்ளே வந்தது, கொசு வந்தது, கூடவே காற்றும் வந்தது. அந்த ஓட்டை வீட்டைத் திட்டாத நாளில்லை. ஆனால் ராத்திரியில் நம்மைக் காப்பாற்றியதும் அந்த ஓட்டைதான். (விறகுப் புகை நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. நம் தாய்மார்களின் கண்ணையும் நெஞ்சையும் கெடுத்தது அது.) கேரவன் அப்படிப்பட்ட வீடு அல்ல. இரண்டு தகட்டுக்கு நடுவே நுரைப் பலகை வைத்துச் சூடு வெளியே போகாதபடி செய்த டப்பா. லயத்தில் கற்ற பழக்கம் அந்த டப்பாவுக்குள் செல்லாது.

எந்த எரிபொருளும், அது கேஸோ, டீசலோ, கரியோ, சரியாக எரியக் காற்று வேண்டும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு அதிகமாக உண்டாகும். நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்காது, இருமல் வராது. நம் ரத்தத்திலுள்ள சிவப்பணுவைத் தோட்டத்து லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பிராண வாயுவை ஏற்றிக்கொண்டு உடம்பு முழுக்கக் கொண்டு போய் இறக்கிவிடுகிறது. இந்த நச்சு வாயு 200 மடங்குக்கு மேல் வலுவாக அந்த லாரியில் ஏறி உட்கார்ந்துவிடும். எழுந்திரு என்றால் எழுந்திருக்காது. லாரி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் ஏற்ற வேண்டிய சரக்குக்கு இடமில்லை. மூளையும் இதயமும் பட்டினி கிடக்கும்.

"கேஸ் கசிஞ்சா வாடை வருமே" என்பார்கள் சிலர். சமையல் எரிவாயுத் தோம்பிலிருந்து கசிந்தால் வாடை வரும், உண்மை. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே அதில் வாடை மருந்து கலக்கிறார்கள். எரிந்த பிறகு உண்டாகும் இந்த வாயுவுக்கு எந்த வாடையும் கிடையாது. மூக்கை நம்பாதீர்கள்.

இது குளிர் நாட்டு விவகாரம் மட்டுந்தானா என்றால், இல்லை. 2020 செப்டம்பரில் பட்டர்வொர்த்தில், இன்ஜினை ஓடவிட்டுக் காருக்குள் தூங்கிய தோழிகளில் மூன்று இளம் பெண்கள் இதே வாயுவால் இறந்து போனார்கள். வெள்ளக் காலத்தில் கரண்டு இல்லையென்று ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டுவதும், மலையில் முகாம் போடும்போது கோழி வாட்டிய கரியடுப்பைக் குளிருக்காகக் கூடாரத்துக்குள் இழுத்துக்கொள்வதும் இதே கதைதான். புகை நின்று, கரி செக்கச்செவேலென்று கனியும்போது ஆபத்து போய்விட்டது என்று நினைக்கிறோம். தணல் இருக்கும்வரை அதிலிருந்து வாயு வந்துகொண்டே இருக்கும்.

ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். கேரவன் ஹீட்டர்களில் ஒழுங்கானது எதுவென்றால், எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, எரிந்த புகையைக் குழாய் வழியே வெளியே தள்ளுவது. உள்ளே சூடு மட்டும் வரும். கேஸில் ஓடுவதும் உண்டு, டீசலில் ஓடுவதும் உண்டு. உரிமம் பெற்ற ஆள் பொருத்தி, ஆண்டுக்கு ஒரு தடவை பார்த்து வந்தால் பயமில்லை. ஆனால் பழைய கேரவன், நாலு கை மாறியது, வருஷக்கணக்காக வெயிலில் கிடந்தது என்றால் கதை வேறு. புகைக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். ரோட்டில் குலுங்கிக் குலுங்கித் தரைக்கு அடியிலுள்ள இணைப்பு கழன்றிருக்கும். மலிவு டீசல் ஹீட்டரைத் தபாலில் வரவழைத்து, "எனக்குத் தெரியும்டா மச்சான்" என்று யாராவது கூட்டாளி மாட்டிக் கொடுத்திருப்பான். பக்கத்தில் தார்ப்பாய் கட்டித் திண்ணை போல ஆக்கியிருந்தால், வெளியே போன புகை அதற்குள் தேங்கி மறுபடி உள்ளேயே வரும்.

புகைக் குழாயே இல்லாத ஹீட்டர் கேரவனுக்குள் கூடவே கூடாது. வெளியில் மட்டும் பயன்படுத்துவதற்கென்று விற்கும் சின்னத் தோம்பு ஹீட்டரும் அப்படித்தான். அடுப்பைக் கொளுத்திவிட்டுக் குளிர் காய்வதும் அப்படித்தான். சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டால் கரி மூட்டலாம் என்று கணக்குப் போட வேண்டாம். அதுவும் தப்புக் கணக்கு. சன்னலும் காற்றுத் துளையும் நல்ல ஹீட்டருக்கே வேண்டும். கேரவனின் கதவடியிலும் கூரையிலும் சின்னச் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். குளிர்காற்று வருகிறது என்று அதில் துணி திணிப்பார்கள், டேப் ஒட்டுவார்கள். நாம் போனில் "ஓட்டையை அடை" என்று சொன்னால், பிள்ளை அடைப்பது அந்தத் துளையைத்தான்.

கேஸ் நெருப்பு நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாகச் சோம்பி எரிந்தாலோ, ஹீட்டருக்கு மேல் சுவரில் கரி படிந்தாலோ, அன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். நீலமாக எரிகிறது என்பதாலேயே எல்லாம் சரி என்றும் ஆகிவிடாது. நான் கேட்டால், எரிகிற ஹீட்டர் எதுவானாலும் படுக்கும் முன் அணைத்துவிட்டு, இரண்டு கம்பளியும் சுடுதண்ணீர்ப் பையும் வைத்துக்கொள் என்றுதான் சொல்வேன். மின்சார ஹீட்டரில் இந்த வாயு இல்லை; ஆனால் 2,400 வாட் ஹீட்டர் ஒன்றே 10 ஆம்பியர் இழுக்கும். அதே எக்ஸ்டென்ஷன் வயரில் சோற்றுப் பானையையும் சொருகினால் வயர் உருகும். ஈர உடுப்பை அதன்மேல் காயப்போட்டால் தீ பிடிக்கும். அந்த டப்பாவுக்கு வாசல் ஒன்றே ஒன்று.

நோய்க்குறி என்ன? தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, கை கால் ஓய்ந்து போவது. காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்து இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு, மறுபடி அதே கேரவனுக்குள் போய்ப் படுப்பான். அதுதான் பயங்கரம். ஒன்றைக் கவனித்தால் கண்டுபிடிக்கலாம்: காலையில் தலை கனக்கிறது, தோட்டத்தில் வேலை செய்யச் செய்யச் சரியாகிவிடுகிறது, ராத்திரி மறுபடி வருகிறது. கூடத் தங்கியிருப்பவனுக்கும் அதே தலைவலி. அப்படி இருந்தால் அது சளிக்காய்ச்சல் அல்ல. கர்ப்பிணிகள் யாராவது இருந்தால் இன்னும் கவனம்; வயிற்றிலுள்ள பிள்ளையின் ரத்தம் இந்த வாயுவை விடாமல் பிடித்துக்கொள்ளும். குடித்துவிட்டுப் படுத்தவனுக்கோ எந்தக் குறியும் தெரியாது.

இன்னொன்று. கோவிட் காலத்தில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை நாம் எல்லாரும் வாங்கினோம் அல்லவா? அதை நம்பாதீர்கள். லாரியில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கும் அந்தக் கருவிக்கு, உட்கார்ந்திருப்பது யார் என்று தெரியாது. உயிர் போகிற நிலையிலும் 98 என்று காட்டும்.

இதற்கென்றே அலாரம் இருக்கிறது. புகை அலாரம் வேறு, இது வேறு. 'கார்பன் மோனாக்சைடு அலாரம்' என்றே கேட்டு வாங்க வேண்டும்; கேரவனுக்கு என்றால் ஈ.என். 50291-2 என்ற தரக் குறியீடு உள்ளது நல்லது. தலைமாட்டுப் பக்கம், மூச்சு விடும் உயரத்தில் மாட்ட வேண்டும். காலாவதி ஆண்டு அதன் முதுகிலேயே அச்சிட்டிருக்கும். சட்டப்படி கூலி கொடுக்கும் இடத்தில் அரை நாள் கூலிகூட ஆகாத பொருள்.

சரி, அதை யார் வாங்குவது? இங்குதான் எனக்கும் சிலருக்கும் தகராறு. "அவனவன் உயிரு, அவனவன்தான் பார்த்துக்கணும்" என்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். கேரவனுக்கு வாரா வாரம் சம்பளத்தில் வாடகை பிடிக்கிற குத்தகைக்காரன் அந்த ஹீட்டருக்கும் பொறுப்பாளி. நம் நாட்டில் தோட்ட வீட்டுக்கு இன்ன அளவு, இன்ன வசதி என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. துரை இரக்கப்பட்டா கொடுத்தார்? வேலையோடு சேர்த்துக் கொடுக்கும் கூரை வேலை நிலைமையில் ஒரு பகுதி. 2010-இல் ஷெப்பர்ட்டனை அடுத்த மூருப்னாவில், வாடகை வீட்டிலிருந்த கேஸ் ஹீட்டரின் கோளாறால் சின்னஞ்சிறு அண்ணன் தம்பி இருவர் தூக்கத்திலேயே மாண்டார்கள். 2021 முதல் விக்டோரியாவில் வாடகை வீட்டுக் கேஸ் சாதனங்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதிப்பது வீட்டுக்காரரின் கடமை என்று ஆக்கியிருக்கிறார்கள். தோட்டத்து மூலையில் நிறுத்திய கேரவனுக்குள் தூங்குகிறவனுக்கும் அதே உயிர்தானே?

பிள்ளை பேசப் பயப்படுவான். விசா சரியில்லை என்றால் இன்னும் பயப்படுவான். அங்கேயும் தொழிற்சங்கம் இருக்கிறது. எடைக்குக் கூலி என்று ஏமாற்றி வந்த பழத்தோட்டங்களில், மணிக்கு இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று 2022 ஏப்ரலிலிருந்து விதி வந்ததே, அது தொழிற்சங்கம் போட்ட மனுவால்தான். யுனைடெட் ஒர்க்கர்ஸ் யூனியன் விசா இல்லாத தோட்டத் தொழிலாளர்களுக்காகவும் குரல் கொடுத்து வருகிறது. அந்தப் பெயரைப் பிள்ளைக்கு எழுதி அனுப்புங்கள்.

இன்று ராத்திரி போன் வந்தால், "சாப்பிட்டியா?" என்று கேட்டு முடித்ததும் ஹீட்டரைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். புகைக் குழாய் எங்கே போகிறது, காற்றுத் துளையில் துணி இருக்கிறதா, அலாரம் மாட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். "ஏம்மா தொணதொணங்கிற" என்பான். சொல்லிக்கொள்ளட்டும்.

உள்ளே யாராவது மயங்கிக் கிடந்தால், கதவை அகலத் திறந்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்து வெளியே போட வேண்டும். உள்ளே நின்று தட்டி எழுப்பிக்கொண்டிருந்தால் போனவனும் விழுவான். அங்கே 000, இங்கே 999. 'கார்பன் மோனாக்சைடு' என்ற சொல்லைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் ரத்தத்தில் அதைத் தேடுவார்கள். அங்கே தமிழில் மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் 13 14 50 என்ற எண் இருக்கிறது. வெளிக்காற்றில் பாதி வாயு வெளியேற நாலைந்து மணி நேரம் பிடிக்கும். ஆஸ்பத்திரியில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அது நடக்கும். எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று விட்டுவிடாமல் கொண்டு போக வேண்டும். வீடு திரும்பிச் சில நாளோ சில வாரமோ கழித்து மறதி, குழப்பம், நடை தடுமாற்றம் வருவதும் உண்டு. வந்தால் மறுபடி அதே ஆஸ்பத்திரிக்குப் போய், முன்பு நடந்ததை டாக்டரிடம் சொல்லிக் காட்டிக்கொள்ள வேண்டும்.