தொலைநோக்கி வாங்குமுன் தூணைப் பாருங்கள்

வானில் ஏதேனும் புதுமை நிகழும்போதெல்லாம் நம்மிடம் ஒரு கேள்வி வந்து சேர்கிறது: எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்? 2020 டிசம்பரில் வியாழனும் சனியும் ஒன்றையொன்று உரசுவதுபோல் நெருங்கி நின்றபோது வந்தது. 2024 அக்டோபரில் வால்மீன் ஒன்று மேற்கு வானில் தலைகாட்டியபோதும் வந்தது. கேட்போர் பெரும்பாலும் பெற்றோர். பிள்ளைக்கு ஆர்வம் இருக்கிறது, பிறந்தநாள் வருகிறது, கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது. இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துப் பிழைப்பவரிடம் இதைக் கேட்பானேன் என்று நண்பர்கள் வியக்கலாம். ஈக்காட்டுத்தாங்கலில் நம் குடியிருப்பின் மொட்டைமாடியில் முன்னிரவுகளில் சிலர் கூடி வானம் பார்ப்பதுண்டு. அந்தச் சேதி பரவியதன் விளைவு இது.

நம் விடையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். சென்னையில் வசிப்பவர் முதலில் வாங்கவேண்டியது தொலைநோக்கி அன்று, ஒரு நல்ல பைனாகுலர். இரண்டாவதாக வாங்குவது தொலைநோக்கியாக இருக்கலாம். ஆனால் அதன் வில்லையை விலை பேசுமுன் அது எதன்மேல் நிற்கப்போகிறது என்று கேட்கவேண்டும். இது நம் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. இவ்வூர் இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கற்று, பிறகு மறந்துபோன பாடம்.

1786-ஆம் ஆண்டு எழும்பூரில் தம் வீட்டையொட்டி வில்லியம் பெட்ரி என்பவர் ஒரு வானாய்வகம் அமைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி; பிற்காலத்தில் 1807-இல் சில மாதங்கள் சென்னை ஆளுநர் பொறுப்பிலும் இருந்தவர். வானியல் அவருக்குத் தொழிலன்று, பொழுதுபோக்கு. சென்னையின் முதல் அமெச்சூர் வானியலாளர் என்று அவரைத் தயங்காமல் சொல்லலாம். அவர் தம் காசைப் போட்டு வாங்கியவற்றின் பட்டியல் நமக்கு ஆர்வமூட்டுவது. மூன்று அங்குல வில்லை கொண்ட தொலைநோக்கிகள் இரண்டு. ஊசற்கடிகாரங்கள் இரண்டு. விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைக் குறிக்கும் கடப்புக்கருவி ஒன்று. செல்வம் படைத்த கனவான், ஆனால் மூன்று அங்குலத்தோடு நின்றுகொண்டார். மிச்சப் பணத்தைக் காலத்தை அளப்பதில் செலவிட்டார். தாயகம் திரும்பும்போது இக்கருவிகளைச் சென்னை அரசிடம் விட்டுச்சென்றார். அவற்றை வைத்துத்தான் கம்பெனியின் வானாய்வகம் தொடங்கியது.

1792-இல் அந்த ஆய்வகத்துக்கு நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பினார் மைக்கேல் டாப்பிங். கட்டடம் இன்றில்லை. கடப்புக்கருவியைத் தாங்குவதற்காக அவர் நிறுத்திய கருங்கல் தூண் மட்டும் கல்லூரிச் சாலையில் வானிலை மைய வளாகத்துக்குள் இன்றும் நிற்கிறது. ஏறத்தாழ 10 டன் எடை. தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்துப் பொறித்தது. அதன்மேல் அமர்ந்த கருவியோ ஒருவர் கையில் தூக்கக்கூடிய அளவினது. கையளவுக் கருவிக்குப் பத்து டன் கல் எதற்கு என்று இன்றைய கடைக்காரரைக் கேட்டால் சிரிப்பார். டாப்பிங் சிரிக்கமாட்டார். நூறு மடங்கு உருப்பெருக்கும் கருவி நூறு மடங்கு நடுக்கத்தையும் பெருக்கிக் காட்டும் என்பது அவருக்குத் தெரியும்.

இனி நம் நாளைய சந்தைக்கு வருவோம். சென்னை வீட்டுப் பரண்களில் உறங்கும் சிறு தொலைநோக்கிகளை எண்ணத் தொடங்கினால் முடியாது. நம்மிடம் பழுதுபார்க்கக் கொண்டுவரப்பட்டவை எல்லாம் ஏறத்தாழ ஒரே வார்ப்பு. 50 அல்லது 60 மில்லிமீட்டர் வில்லை. அட்டைப்பெட்டியின்மேல் சனிக்கிரகத்தின் வண்ணப்படம். அருகே '525 மடங்கு' என்றோ '675 மடங்கு' என்றோ ஓர் அறிவிப்பு. வில்லையின் மில்லிமீட்டர் கணக்கை இரண்டால் பெருக்கினால் வருவதே அக்கருவி பயனுறப் பெருக்கக்கூடிய எல்லை என்பது வானம் பார்ப்போரிடையே பழகிய வாய்பாடு. 60 மில்லிமீட்டருக்கு 120 மடங்கு. அதுவும் காற்று அசையாத இரவில். மேற்கொண்டு பெருக்கினால் கலங்கல்தான் பெரிதாகும்.

இந்தச் சிறு கருவிகளின் வில்லை உண்மையில் அவ்வளவு மோசமில்லை என்பதுதான் வேடிக்கை. முப்பது மடங்கில் சனியின் வளையத்தை அவை காட்டிவிடும். கெடுப்பது முக்காலி. தகரக்குழாய்க் கால்கள், கைபட்டால் ஐந்து நொடி ஆடும். வியாழனைப் பிடித்துக் கண்ணை வைப்பதற்குள் அது நகர்ந்திருக்கும். திருகைத் தொட்டால் மீண்டும் ஆட்டம். பத்து வயதுப் பிள்ளை இரண்டு இரவு போராடும், மூன்றாம் இரவு கீழே இறங்கிவிடும். 'ஆர்வம் போய்விட்டது' என்பார்கள் பெற்றோர். ஆர்வத்தைக் கொன்றது எது என்று எவரும் விசாரிப்பதில்லை. இதை நாம் சிறு செய்தியாகக் கருதவில்லை. வானத்தின் பக்கம் தானாகவே திரும்பிய ஒரு மனத்தை இரண்டே இரவில் திருப்பி அனுப்பிவிடுகிறோம்; அது மறுபடி அப்பக்கம் வருவது அரிது.

அதே பெட்டிக்குள் சூரியனைப் பார்ப்பதற்கென்று கண்ணருகு வில்லையில் திருகிக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடி ஒன்றும் சில வேளைகளில் இருக்கும். அதை உடனே உடைத்துக் குப்பையில் போடுங்கள். குவிந்த வெயிலின் சூட்டில் அது விரிசல் விட்டால் பார்த்துக்கொண்டிருக்கும் கண் போய்விடும்.

சரி, எதைத்தான் வாங்குவது? இதற்கு விடை சொல்ல இருக்கும் இடத்தைப் பார்க்கவேண்டும். தாங்கல் என்றால் சிறு ஏரி. ஊர்ப்பெயரில் மட்டும் நீரை வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் பகுதியில் இரவு என்பதும் ஏறக்குறைய பெயரளவில்தான் மிஞ்சியிருக்கிறது. ஒருபுறம் தொழிற்பேட்டை, ஒருபுறம் கண்ணாடிக் கோபுரங்களாக நிற்கும் கணினி வளாகங்கள், நடுவே உயரத்தில் ஓடும் மெட்ரோ, தெற்கே மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின் விளக்கு. நிலவில்லாத இரவிலும் வெறுங்கண்ணுக்கு எட்டுவது பளிச்சென்ற சில மீன்களே. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர்வரை வானத்தை மூடிவிடும். ஆடி, ஆவணியிலும் மேகம் குறுக்கிடும். தை முதல் சித்திரைவரை கிடைப்பதே நம் அறுவடைக்காலம்.

பெரிய ஆடி வாங்கினால் இருட்டை விலைக்கு வாங்கிவிடலாம் என்று நம்புவோர் உண்டு. அது நடவாது. பெரிய ஆடி விண்மீனின் ஒளியைக் கூடுதலாகத் திரட்டுவதுபோலவே வானத்தில் பரவிய தெருவிளக்கின் ஒளியையும் திரட்டும். விண்மீன் புள்ளியாக இருப்பதால் தப்பிக்கும். பரந்து மங்கிய அண்டங்களும் ஒண்முகில்களும் அந்த வெளுப்பில் கரைந்துபோகும். நகர விளக்கு தீண்டாதவை நிலவு, கோள்கள், இரட்டை விண்மீன்கள். சென்னைக்காரரின் வானம் இவைதாம். இவற்றுக்கு ஆறு அங்குல ஆடி தாராளம்.

அந்த ஆறு அங்குல ஆடியை எதன்மேல் வைப்பது? இங்கேதான் வெளிநாட்டு நூல்களைப் படித்துவிட்டு வாங்குவோர் இடறுகிறார்கள். பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து நிறுத்தும் தாங்கியை அந்நூல்கள் புகழும். அவை எழுதப்பட்ட நாடுகளில் துருவமீன் வானத்தின் பாதி உயரத்திலோ அதற்கு மேலோ நிற்கும். நமக்கு அது அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில், பக்கத்துக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடக்கிறது. தாங்கியின் அச்சைப் படுக்கப்போட்டாலொழிய 13 பாகைக்கு வராது. சிலவற்றில் எதிர்ப்பளு முக்காலியின் காலில் போய் இடிக்கும். நமக்கு ஏற்றது மேலும் கீழும், பக்கவாட்டிலும் மட்டும் திரும்பும் எளிய மரப்பெட்டித் தாங்கி. அதற்கு டாப்சோனியன் என்று பெயர். ஜான் டாப்சன் சான்பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சார்ந்த வேதாந்த மடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் துறவியாக இருந்தவர். தொலைநோக்கி செய்வதில் மூழ்கி 1967-இல் மடத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. அட்டைக் குழாயும் ஒட்டுப்பலகையும் கொண்டு கருவி செய்து, தெருமுனையில் நின்று போவோர் வருவோருக்கெல்லாம் நிலவைக் காட்டியவர், 2014-இல் மறைந்தார். மடம் ஒரு துறவியை இழந்தது. உலகம் முழுதும் மொட்டைமாடிகளுக்கு ஆடாத தாங்கி கிடைத்தது.

இத்தாங்கிக்கும் ஒரு குறை உண்டு. நேர் உச்சியில் இருப்பதைத் தொடர்வது கடினம். நம் அகலாங்கிலோ கோள்கள் சில ஆண்டுகளில் ஏறக்குறைய உச்சியிலேயே போகும். ஒரு மணி நேரம் பொறுத்தால் சரிந்துவிடும். பொறுப்பதில் ஊதியமும் உண்டு: பகலெல்லாம் வெயில் குடித்த மாடித்தளம் முன்னிரவில் அனல் கக்கும், அந்த அனலில் கோளின் விளிம்பு கொதிக்கும். பத்து மணிக்குமேல் அடங்கும்.

எட்டு அங்குலம், பத்து அங்குலம் என்று ஆசைப்படுவோரிடம் நாம் கேட்பது ஒன்றே: மின்தூக்கி மொட்டைமாடிவரை போகிறதா? மாடிச்சாவி யாரிடம் இருக்கிறது? சென்னைக் குடியிருப்புகளில் மாடிச்சாவி என்பது சங்கச் செயலாளரின் செங்கோல். அவரிடம் கேட்டு வாங்கி, துணி காயும் கொடிகளுக்கு அடியில் குனிந்து, இருபது கிலோவைத் தூக்கிச்செல்வது மாதம் எத்தனை இரவு இயலும்?

இதனால்தான் பைனாகுலர் முதலில் என்கிறோம். பத்து மடங்கு, ஐம்பது மில்லிமீட்டர் வில்லை. எடை ஒரு கிலோ அளவு. சட்டையை மாட்டிக்கொள்வதுபோல் கழுத்தில் மாட்டிக்கொண்டு படியேறலாம். இருளுக்குப் பழகிய விழி திரட்டுவதைப்போல் ஐம்பது மடங்கு ஒளியை அது திரட்டும். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றினால் வியாழனின் நான்கு துணைக்கோள்களும் தெரியும். கார்த்திகைக் கூட்டத்தில் ஆறேழு மீன் என்று கேட்டறிந்தவர் அங்கே பல பத்து மீன்களைக் காண்பார். சித்திரை இரவில் தெற்கே முப்பது பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் திரள் பஞ்சுத் துணுக்காய்த் தோன்றும். இலண்டன்வாசிக்கு அது உதிப்பதே இல்லை. வார இறுதியில் ஜவ்வாது மலைக்கோ ஏலகிரிக்கோ பேருந்தில் போனால் மடியில் வைத்துக்கொண்டும் போகலாம். வீடு திரும்பியதும் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய டப்பாவில் வைப்பது முக்கியம். நம் ஊர்ப் புழுக்கத்தில் வில்லைக்குள் பூஞ்சை படர்ந்தால் கழுவி எடுக்கச் செலவு அதிகம்.

கைப்பேசியோடு இணைந்து தானே விண்மீனைத் தேடி, நூற்றுக்கணக்கான படங்களை அடுக்கி, நகர வெளிச்சத்தையும் கழித்துக் காட்டும் புதுவகைக் கருவிகள் இப்போது வந்திருக்கின்றன. அவை செய்வது மெய்யான பணிதான். நம் மாடியிலிருந்தே ஒண்முகில்களைப் படமாக்கித் தருகின்றன. ஆனால் கண் பார்ப்பது திரையைத்தான். எது எங்கே உதிக்கும் என்று அறியாத பிள்ளைக்கு முதற்கருவியாக அதை நாம் பரிந்துரைக்கமாட்டோம். கூடலூர் கிழார் புறநானூற்றின் 229-ஆம் பாட்டில் ஒரு விண்கொள்ளி விழுந்ததைப் பாடுகிறார். விழுந்த பொழுதில் எந்த மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எதிரே எழுந்தது, எது அடிவானில் படிந்தது என்று மூன்றையும் குறித்துவிட்டே மேலே செல்கிறார். அந்தப் பாட்டை வகுப்பில் நடத்தும் நம்மவர் பலருக்கு அந்த மூன்று மீன்களையும் வானில் சுட்டத் தெரியாது. உரைநூல் பெயர்களைத் தருகிறது. மாடிக்கு யாரும் கூட்டிச்செல்வதில்லை.

இதே சென்னை வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி பணியாற்றினார். பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்தவர், ஆய்வகத்தின் முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867-இல் ரெட்டிகுலம் என்னும் தென்கோடி விண்மீன் குழுவில் ஒளி ஏறி இறங்கும் மீன் ஒன்றைக் கண்டறிந்தார். சென்னையிலிருந்து அம்மீன் அடிவானத்துக்கு மேல் 15 பாகைகூட எழாது. விண்மீன்களின் இருப்பிடத்தை ஒவ்வொன்றாகக் குறித்து, ஆண்டுக்கணக்கில் அட்டவணை எழுதியவருக்கே அந்த மாறுதல் கண்ணில் பட்டிருக்கும்.

ஆகவே பைனாகுலரோடு ஒரு குறிப்பேடும் வாங்குங்கள். பெட்ரி செலவழித்த கடிகாரத்துக்கு இன்று செலவில்லை. நொடிபிசகாத நேரம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அந்நாளைய சென்னை ஆய்வகத்தில் இயங்கிய, ஜான் ஷெல்டன் செய்த கடிகாரம் கோடைக்கானலில் பாதுகாக்கப்படுகிறது. வியாழனின் துணைக்கோள்கள் அதன் நிழலுக்குள் மறையும் நேரத்தைக் குறித்தே சென்னையின் நெட்டாங்கைக் கணித்தார்கள். இந்திய நில அளவையின் கணக்குகள் அதைச் சார்ந்திருந்தன. அவற்றுள் உள்வட்டத்தில் சுற்றும் ஐஓ ஏறத்தாழ 42 மணி நேரத்துக்கு ஒருமுறை மறைகிறது. ஈக்காட்டுத்தாங்கலின் விளக்குகள் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆறு அங்குலக் கருவியில் அது விளக்குத் திரியை இறக்கினாற்போல மெல்ல மங்கி, ஒரு நொடியில் இல்லாமல் போகிறது, நேரத்தைக் குறித்துக்கொள்கிறோம்.