கூல்டிரிங்ஸ் பாட்டில்ல காஸ்டிக்

மக்களே, இன்னிக்கு ஆபீஸ்ல ஆணி கம்மி. கொஞ்சம் திட்டிக்கறேன்.

வீரபாண்டிப் பக்கம் நாலு பேர் சேந்து ஒரு வீடு எடுத்துத் தங்கறது சகஜம். அதுல ஒருத்தருக்கு லீவு நாள்ல டீசர்ட்டுக்கு இண்டிகோ சாயம் போடற ஆசை. போடட்டும், பனியன் ஊர்ல இதுகூட இல்லைன்னா எப்படி? ஆனா அதுக்கான காஸ்டிக் சோடாவையும் ஹைட்ரோசையும் தெரிஞ்ச சாயப்பட்டறையில இருந்து பிளாஸ்டிக் கவர்ல கட்டிட்டு வந்து, காஸ்டிக்கைக் கரைச்ச மிச்சத்தைப் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி சிங்க்குக்கு அடியில வைக்கறாரு பாருங்க, அங்கதான் எனக்குக் கடுப்பு.

கேட்டா, "பேர் எழுதி ஒட்டியிருக்கேன்ல"ங்கறார். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தாகத்தோட வர்றவன் லேபிளா படிப்பான்? காஸ்டிக் கரைசல் பாக்கத் தண்ணி மாதிரியேதான் இருக்கும். ஒரு மடக்கு போதும், உணவுக்குழாய் வெந்துடும். ஹைட்ரோஸ் இன்னும் மோசம். ஈரம் பட்டா தானா சூடேறும், சல்ஃபர் டை ஆக்சைடு கிளம்பும், தீயும் பிடிக்கலாம். அதைப் போய் சிங்க்குக்கு அடியில!

"கொஞ்சூண்டுதானே"ன்னு வேற. 2024 அக்டோபர்ல திருப்பூர் பாண்டியன் நகர்ல, வீட்டுல வெச்சிருந்த நாட்டு வெடி வெடிச்சது. அது பொழுதுபோக்கு இல்ல, தொழில். தெரியும். ஆனா செத்த மூணு பேர்ல ஒன்பது மாசக் குழந்தை ஒண்ணு. அந்தக் குழந்தையா வெடி சுத்துச்சு?

இறுக்கமா மூடற கெமிக்கல் டப்பா, பூட்டுப் போட்ட பெட்டி, ஈரமில்லாத இடம், ஆசிட்டுக்கும் அடுப்புக்கும் தள்ளி. உள்ள என்ன இருக்குன்னு கூட இருக்கற மூணு பேருக்கும் தெரியணும். இதெல்லாம் முடியாதுன்னா சாயத்தைப் பட்டறையிலயே போட்டுக்குங்க சாமி.