மறதி நோய்க்கும் வீடு தேடி மருத்துவம்

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று நேர்ந்த தீ விபத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். அருகில் அரசு சிகிச்சை கிடைக்காத குடும்பங்கள் பலவற்றுக்கு அன்று வேறு போக்கிடம் இருக்கவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல சிகிச்சையை உரிமையாக்கியது. ஆனாலும், மறதி நோயால் வாடும் சுமார் 88 லட்சம் இந்திய முதியோரில் பெரும்பாலோரைக் குடும்பமே தனித்துச் சுமக்கிறது.

பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமைதான். இரவெல்லாம் கண்விழித்துக் காப்பவருக்குக் கைகொடுப்பது அரசின் கடமை. மனநல மருத்துவர்கள் போதிய எண்ணிக்கையில் இல்லை என்பதும் உண்மையே. ஆனால், 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறார்கள். மறதியின் தொடக்க அறிகுறிகளைக் கண்டறிய அவர்களைப் பயிற்றுவித்து, மருந்தும் ஆலோசனையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கச் செய்ய வேண்டும்.