முன்பள்ளியின் பாரத்தை யார் சுமப்பது?

இலங்கையில் இலவசக் கல்வி 1945 முதல் நடைமுறையில் உள்ளது. ஐந்து முதல் பதினாறு வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி கட்டாயமும் ஆகும். ஆனால் ஐந்து வயது நிரம்பாத பிள்ளை இவ்விரண்டுக்கும் வெளியே நிற்கின்றது. மண்கும்பான் போன்ற தீவகக் கிராமமொன்றில் முன்பள்ளி இயங்குகின்றதெனில், சனசமூக நிலையமோ, மாதர் சங்கமோ, வணக்கத்தலமோ இடமளிக்க, பெற்றோர் பணமும் உழைப்பும் தருவதே அதற்குக் காரணம். மாகாண நிர்வாகத்திடமிருந்து ஆசிரியைக்குக் கிடைக்கும் கொடுப்பனவு, அதைச் சம்பளம் என அழைக்க நாக்கூசும் அளவினதே.

முன்பள்ளியைப் பெற்றோரே நடத்துகின்றனர் என்று பெருமையுடன் கூறிக்கொள்கிறோம். நடத்துவது எந்தப் பெற்றோர் என்று மட்டும் கேட்பதில்லை. வளவு கூட்டுவதும், முறை வைத்துக் கஞ்சி காய்ச்சுவதும், கோடையில் நன்னீர் சுமப்பதும் தாய்மாரின் பங்கு. தலைவர் பதவியும் விளையாட்டுப் போட்டியில் கொடியேற்றும் உரிமையும் பெரும்பாலும் தந்தையரின் பங்கு. (கொடியேற்றும் தலைவருக்குப் பிள்ளைகளின் பெயர் எத்தனை தெரியும் என்பது வேறு விடயம்.) மாதக் கட்டணம் எவ்வளவு, சேர்ந்த பணம் எங்கே செலவானது என்பவற்றைத் தீர்மானிக்கும் இடத்தில் கஞ்சி காய்ச்சியவரின் குரல் ஒலிப்பதில்லை.

இதற்கு வேறொரு வழியும் உண்டு. 1941 இல், ஆண்கள் போர்முனைக்குச் சென்றிருந்த வேளையில், நியூசிலாந்தின் வெலிங்டனில் தாய்மார் ஒன்றுகூடிச் சிறுவர் விளையாட்டு நிலையங்களைத் தொடங்கினர. அவற்றில் பெற்றோர் உதவியாளர் அல்லர்; அவர்களே நிர்வாகிகள், கற்பிப்போரும் அவர்களே. முறைவைத்து வகுப்பில் நிற்கும் பெற்றோருக்குப் பிள்ளை வளர்ச்சி பற்றிய பயிற்சி அளிக்கப்படுகின்றது. கணக்கும் அவர்கள் கையிலேயே உள்ளது. இத்தாலியின் ரெஜியோ எமிலியாவுக்கு அருகே 1945 இல் ஊர் மக்கள் கட்டிய பாலர் பாடசாலைக்குப் பின்வாங்கிய படையினர் விட்டுச்சென்ற தாங்கியையும் வாகனங்களையும் குதிரைகளையும் விற்ற பணமே முதலாயிற்று. இரண்டும் போரின் நிழலில் முளைத்தவை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

கூட்டுறவு நமக்குப் புதியதன்று. மூளாயில் கூட்டுறவு மருத்துவமனையையே கண்ட குடாநாடு இது. தீவகக் கடற்றொழிலாளர் சங்கங்களில் கணக்கு வாசிக்கப்படாமல் ஆண்டுப் பொதுக்கூட்டம் நிறைவுறுவதில்லை. அந்த ஒழுங்கு முன்பள்ளிக்கு மட்டும் ஏன் வேண்டாததாயிற்று?

2022 செப்டெம்பரில் நாட்டின் உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 சதவீதத்தைத் தொட்டது. அத்தகைய காலத்தில் ஒரே அளவான கட்டணம் நீதியானதாக இராது. கடலுக்குப் போகாத மாதத்தில் பணத்துக்குப் பதில் ஒரு தந்தை கூரை வேய்ந்து கொடுக்கலாம். அந்த உழைப்பும் கணக்கேட்டில் பதியப்படல் வேண்டும். இல்லையெனில் கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளை முதலில் பின்வரிசைக்குப் போகும். பிறகு வராமலே நின்றுவிடும். ஆசிரியையின் ஊதியமோ இத்தகைய விட்டுக்கொடுப்புக்கு உட்படலாகாது. அதைக் கட்டணப் பணத்தின் முதற் செலவாகக் கொள்ள வேண்டும்.

கோயிலும் பள்ளிவாசலும் உள்ள தீவகத்தில் இன்னொன்றும் இருக்கின்றது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டில் இராணுவ நடவடிக்கைகளால் தீவகக் கிராமங்கள் வெறிச்சோடின. புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, பெற்றோரின் ஊருக்குத் திரும்பும் இளம் தாய்க்கு இங்கே அயலவர் எவரையும் தெரியாது. தமிழ்த் தாய்க்கும் அவ்வாறே. ஒரே அடுப்பங்கரையில் இருவரும் முறை பார்க்கும்போது, கஞ்சியில் என்ன சேர்ப்பது, பண்டிகை விடுமுறைகளை எவ்வாறு வகுப்பது என்பன இருவரும் பேசியே தீர்க்க வேண்டியவை ஆகின்றன. எந்த நல்லிணக்கக் கருத்தரங்கிலும் இப்பேச்சு நிகழ்வதில்லை.

பெற்றோர் கூட்டம் எந்நேரம் கூடுகின்றது என்பதிலிருந்தே தொடங்கலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் கூடினால் முஸ்லிம் தந்தையர் வரார். விடியலில் கூடினால் கடலுக்குச் சென்றோர் கரையில் இரார். மாலை ஆறு மணியெனில் அடுப்பை விட்டுத் தாய்மார் எழ முடியாது. பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தாய்மார் வந்து நிற்கும் முற்பகல் வேளையில், அதே வளவில், கணக்கேட்டை விரித்து வைத்துக் கூடலாமே.